செட்சுகோ ஹராவா, ஹிடெகோ தகாமினேயா? என் ஓட்டு தகாமினேவுக்கு

பழைய ஜப்பானிய சினிமாவில் ருசி கண்டவர்கள் சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். ஒரே ஒரு நடிகையைப் பிடித்துக்கொண்டு அவர் படங்களை வரிசையாகப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் யாரைப் பிடிப்பது? கேட்டால் பத்தில் எட்டுப் பேர் செட்சுகோ ஹராவைத்தான் சொல்வார்கள். நான் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஹிடெகோ தகாமினேவிடம் நிலைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த அலசல். கினுயோ தனாகா எங்கே என்று சிலர் கேட்பார்கள். நடித்ததோடு 1953 முதல் படங்களையும் இயக்கியவர் அவர். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பொதுவான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹரா 1920இல் யோகோஹாமாவில் பிறந்தவர், தகாமினே 1924இல் ஹக்கோடேட்டில். இருவரும் டோஹோ ஸ்டுடியோவில் வளர்ந்தவர்கள். 1946 வேலைநிறுத்தத்தின்போது அங்கிருந்து பிரிந்துபோன பத்து நட்சத்திரங்களில் இருவருமே உண்டு. இயக்குநர்கள் ஒஸு, நருசே இருவரின் படங்களிலும் இருவரும் நடித்திருக்கிறார்கள். அழகு, புகழ், வசூல் எதிலும் யாரும் யாருக்கும் இளைத்தவர் இல்லை.

ஹராவின் பலம் அவர் முகம். 'லேட் ஸ்பிரிங்' (1949) படத்தில் அப்பாவும் மகளும் 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகம் பார்க்கப் போகும் காட்சி அதற்குப் போதுமான சாட்சி. அரங்கின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு விதவைப் பெண்ணுக்கு அப்பா தலை தாழ்த்தி வணக்கம் சொல்கிறார். மகளும் சொல்கிறாள். அப்பாவுக்கு மறுமணமோ என்ற சந்தேகம் அவளுக்குள் விழுகிறது. மேடையில் நாடகம் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்க, மகளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டு தலை கவிழ்கிறது. பேச்சே கிடையாது. அந்தச் சில நிமிடங்களுக்காகவே ஹராவைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம். 'டோக்கியோ ஸ்டோரி' (1953) பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாழ்க்கை ஏமாற்றம்தானே என்று நாத்தனார் கேட்க, ஆமாம் என்று புன்னகையோடு சொல்லும் அந்த இடத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இவ்வளவும் ஒப்புக்கொண்ட பிறகும் நான் தகாமினே பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றுதான்: பணம். திரையில் ஒரு பெண் எதைச் செய்து சாப்பிடுகிறாள், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது, மாசக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதைத் தகாமினேவின் படங்கள் மறைப்பதே இல்லை.

'டோக்கியோ ஸ்டோரி'யில் ஹரா நடித்த நோரிகோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் வேலை பார்க்கும் போர் விதவை. ஒற்றை அறை வீடு. மாமனாருக்கு ஊற்றிக் கொடுக்க சாகே (அரிசி மது) இல்லாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வருகிறாள். மாமியார் கையில் செலவுக்குப் பணமும் வைக்கிறாள். அவள் சம்பளம் என்ன, அந்தப் பணம் எதிலிருந்து எடுத்தது, அடுத்த வாரம் எப்படி ஓடும்? படம் அதற்குள் போவதில்லை. அது ஒஸுவின் தேர்வு, அந்தப் படத்துக்கு அதுவே சரி. ஆனால் ஹராவின் பெயர்பெற்ற பாத்திரங்கள் பலவற்றில் இந்த மேகம் சூழ்ந்த தூரம் இருக்கிறது. அவருடைய நல்ல குணம் நம் கண்ணில் படுகிறது, அதற்கு அவர் கொடுக்கும் விலை படுவதில்லை.

இப்போது நருசேயின் 'வென் எ வுமன் அசெண்ட்ஸ் தி ஸ்டேர்ஸ்' (1960). தகாமினே நடிக்கும் கெய்கோ, டோக்கியோவின் கின்ஸா பகுதியில் ஒரு பாரை நடத்தும் 'மாமா' (பாரை நடத்தும் பெண்ணை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்). கணவனை இழந்தவள். பார் மாடியில் இருக்கிறது. ஒவ்வொரு மாலையும் அந்தப் படிகளில் ஏறுவது அவளுக்குப் பிடிக்காது. ஏறி முடித்த கணம் முகம் மலர்ந்து வாடிக்கையாளரை வரவேற்க வேண்டும், மலர்கிறது. அந்த மலர்ச்சிக்குப் பின்னால் ஓடும் கணக்கு முழுவதையும் படம் நமக்குச் சொல்லிவிடுகிறது. நல்ல கிமோனோ வேண்டும், கௌரவமான அபார்ட்மென்ட் வேண்டும், இல்லாவிட்டால் பெரிய இடத்து ஆட்கள் வர மாட்டார்கள். வந்தவர்கள் கடன் வைத்துவிட்டுப் போனால் வசூல் செய்வதும் அவள் தலையில். அம்மாவுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு வக்கீல் செலவு, போலியோ வந்த அவன் மகனுக்கு ஆபரேஷன் செலவு. அம்மாவோ, மகள் ஆடம்பரமாக வாழ்கிறாள் என்று குறைப்படுகிறாள்.

போட்டி பார் நடத்தும் யூரி இறந்துபோனதும் துக்கம் விசாரிக்க கெய்கோ போகிறாள். இழவு வீட்டிலேயே கடன்காரர்கள் வந்து பாக்கியைக் கேட்கிறார்கள். அந்த இடத்தில் தகாமினேவின் முகத்தைக் கவனியுங்கள். அழுகைக்கு முன்னால் கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்குள், நாளை எனக்கும் இதுதானே என்ற கணக்கும் ஓடுகிறது. ஒரே முகத்தில் மூன்று விஷயம், எதையும் மிகைப்படுத்தாமல். கடைசியில் ரயில் நிலையத்துக்குப் போய், தன்னோடு ஓர் இரவைக் கழித்துவிட்டு ஒசாகாவுக்கு மாற்றலாகிப் போகிறவன் விட்டுப்போன பங்குப் பத்திரங்களை, அவன் மனைவி குழந்தைகள் எதிரிலேயே சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறாள். பணத்துக்கு அவ்வளவு தவிப்பவள் அதைத் திருப்பிக் கொடுக்கிறாள் என்பதால்தான் அந்தக் காட்சிக்கு எடை. இந்தப் படத்தின் உடைகளைத் தேர்ந்தெடுத்ததும் தகாமினேதான். எந்தக் கிமோனோ எந்தப் பெண்ணின் வருமானத்தைச் சொல்லும் என்று தெரிந்த ஒருவரின் வேலை அது.

'யர்னிங்' (1964) இன்னொரு உதாரணம். போரில் கணவனை இழந்தவள், புகுந்த வீட்டின் மளிகைக் கடையைப் பதினெட்டு வருஷம் தன்னந்தனியாக நடத்தித் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். எதிரே சூப்பர் மார்க்கெட் வந்து முட்டை விலையைத் தரைமட்டத்துக்கு இறக்குகிறது. கடையையே சூப்பர் மார்க்கெட்டாக்கலாம் என்று வீட்டார் கணக்குப் போடும்போது அவள் எங்கே நிற்பாள் என்ற கேள்வி வருகிறது. கொழுந்தன் அவளைக் காதலிப்பது கதை. அந்தக் காதல் இவ்வளவு கனமாக இருப்பதற்குக் கடையின் கல்லாப்பெட்டியும் ஒரு காரணம்.

இதெல்லாம் இயக்குநரின் பெருமை, நடிகைக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பாதி நியாயம்தான். மீதிப் பாதிக்கு அவர் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

நான்கு வயதில் அம்மா இறந்துவிட, அத்தை ஷிகே தத்தெடுத்து டோக்கியோவுக்குக் கூட்டிவந்தார். 1929இல், ஐந்து வயதில், ஷோசிகு பட நிறுவனத்தின் கமாத்தா ஸ்டுடியோவில் ஒரு படத்துக்குக் குழந்தை தேடியபோது வரிசையில் நின்ற பிள்ளைகளில் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து சம்பாத்தியம்தான். பையன் வேஷம் உட்படக் கிடைத்ததையெல்லாம் நடித்தார். 1934இல் ஹக்கோடேட்டைப் பெரும் தீ அழித்தபின், அங்கிருந்த உறவினர்களும் இந்தச் சிறுமியின் வருமானத்தை நம்பி டோக்கியோ வந்தார்கள். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போக வாய்த்ததே இல்லை. 'டெகோ-சான்' என்று நாடே செல்லமாகக் கூப்பிட்ட குழந்தை, ஒரு குடும்பத்தின் மொத்தப் பாரத்தையும் சுமந்துகொண்டிருந்தது. கெய்கோவின் அம்மாவும் அண்ணனும் பணம் கேட்கும்போது தகாமினே முகத்தில் வரும் அந்த அலுப்பு எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஹராவும் வீட்டுக்காக நடிக்க வந்தவர்தான், இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அக்காவின் கணவர், இயக்குநர் குமகாய் ஹிசதோரா வழியாக 1935இல் திரைக்கு வந்தார். பெரிய குடும்பத்தைத் தாங்கினார். ஆக, வாழ்க்கையில் இருவர் தோளிலும் ஒரே சுமை. தகாமினே விஷயத்தில் அந்தச் சுமை திரைக்கு வந்தது, ஹரா விஷயத்தில் பெரும்பாலும் வரவில்லை. அவரை 'நிரந்தரக் கன்னி' என்று பத்திரிகைகள் கொண்டாடிய பிறகு, கடன் வசூல் செய்யும் பெண்ணாக அவரைக் கற்பனை செய்ய எத்தனை பேருக்குத் துணிச்சல் வந்திருக்கும்?

என் வாதத்துக்கு எதிரான சாட்சிகளும் உண்டு. குரோசாவாவின் 'நோ ரிக்ரெட்ஸ் ஃபார் அவர் யூத்' (1946) படத்தில் ஹரா சேற்றில் இறங்கி நாற்று நடுகிறார். கை காய்த்து, முகம் கறுத்து, பேராசிரியர் மகளின் சுவடே இல்லாமல் போகிறது. நருசேயின் 'ரிபாஸ்ட்' (1951) படத்தில் ஒசாகாவின் ஒரு சின்ன வீட்டில் சமைத்துச் சமைத்துச் சலித்த மனைவியாக அசலாக இருக்கிறார். இப்படிப் பத்துப் படங்கள் ஹராவுக்குக் கிடைத்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருக்கக்கூடும். 1937இல் ஜெர்மானிய இயக்குநர் ஆர்னால்ட் ஃபாங்க் எடுத்த கூட்டுத் தயாரிப்பும் போர்க்காலப் படங்களும் சேர்ந்த அவருடைய முற்பகுதியில் நான் பார்த்தது கொஞ்சம். அந்தக் காலத்தைப் பற்றி அழுத்திப் பேச மாட்டேன். வசனமும் எனக்கு சப்டைட்டில் வழியாகத்தான் வருகிறது. குரலை வைத்து இருவரையும் எடைபோட எனக்குத் தகுதி போதாது.

இருவரையும் ஒரே திரையில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நருசேயின் 'டாட்டர்ஸ், வைவ்ஸ் அண்ட் எ மதர்' (1960) இருக்கிறது. ஹரா, கணவனை இழந்து பத்து லட்சம் யென் இன்ஷூரன்ஸ் பணத்தோடு பிறந்த வீடு திரும்பும் மூத்த மகள். தகாமினே அந்த வீட்டு மருமகள். தங்கை, தம்பி, அண்ணன் எல்லோர் கண்ணும் அந்தப் பணத்தின் மேல். பெரிய பாத்திரம் ஹராவுக்குத்தான், நன்றாகவே செய்திருக்கிறார். இருந்தாலும் என் கண் ஓரத்தில் இருந்த மருமகளிடமே போய்க்கொண்டிருந்தது. தன் வீட்டில் நடக்கும் பணப் பேச்சு தன் காதில் விழுந்தது போலவும் விழாதது போலவும் உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரிகிறது.

இன்னொரு வித்தியாசம், வயது. ஹரா 1962ஆம் ஆண்டு 'சூஷிங்குரா'வோடு நிறுத்திக்கொண்டார், அப்போது வயது 42. அடுத்த வருஷம் ஒஸு இறந்தார். ஹரா காமகுராவில் ஒதுங்கி வாழ்ந்து 2015 செப்டம்பரில், 95 வயதில் மறைந்தார். செய்தி வெளியே வந்ததே நவம்பரில்தான். அந்த மௌனத்தை மதிக்கிறேன், ஆனால் ரசிகனுக்கு அது மூடிய கதவு. தகாமினே 1979 வரை, ஐம்பது வருஷம் கேமரா முன்னால் வளர்ந்தார், முதிர்ந்தார். 'ட்வென்டி-ஃபோர் ஐஸ்' (1954) ஒன்றிலேயே ஷோடோ தீவில் சைக்கிளில் வந்து இறங்கும் இளம் டீச்சராகத் தொடங்கி, போரில் மாணவர்களையும் கணவனையும் இழந்த நடுவயதுக்காரியாக முடிக்கிறார். அந்த வருஷம் 'கினெமா ஜும்போ' பத்திரிகையின் சிறந்த படங்கள் பட்டியலில் அதுதான் முதல் படம். இரண்டாவதும் அதே இயக்குநர் கினோஷிடா எடுத்து அவர் நடித்த படம். 'செவன் சாமுராய்' மூன்றாவது! பிற்பாடு தன் கதையைத் தானே எழுதினார். 1976இல் வந்த அந்த நினைவுக் குறிப்புக்கு ஜப்பான் கட்டுரையாளர் சங்கப் பரிசு கிடைத்தது. பள்ளிக்குப் போக முடியாதவர் வாங்கிய பரிசு அது.

மனசு நெகிழ ஒரு படம், இரண்டு படம் போதும் என்பவர்களுக்கு ஹரா போதும். 'லேட் ஸ்பிரிங்', 'டோக்கியோ ஸ்டோரி' இரண்டையும் பார்த்துவிட்டு நிம்மதியாக நிறுத்திக்கொள்ளலாம். தொடர்ந்து பார்க்கப் போகிறவர்கள் தகாமினேவை எடுங்கள். முதலில் 'வென் எ வுமன் அசெண்ட்ஸ் தி ஸ்டேர்ஸ்', பிறகு 'ட்வென்டி-ஃபோர் ஐஸ்', பிறகு 'யர்னிங்'. நடுவில் இளைப்பாற 'கார்மன் கம்ஸ் ஹோம்' (1951), ஜப்பானின் முதல் முழுநீள வண்ணப்படம், ஆட்டமும் பாட்டுமாக இருக்கும். 'ஃப்ளோட்டிங் க்ளவுட்ஸ்' (1955) அவருடைய உச்சம் என்பார்கள், எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அதில் காதலர்கள் இருவரும் ஒருவரையொருவர் விடவும் முடியாமல் சேரவும் முடியாமல் யாகுஷிமா தீவு வரை இழுபடுவார்கள். அதை முதல் படமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.