முற்றத்தை மூடலாமா? செட்டிநாட்டு வீட்டுக் காற்றைப் பற்றி ஒரு ஒப்பீடு

காரைக்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இந்த வருஷம் மராமத்து வேலை. சித்தப்பா போன் செய்தார். "முற்றத்துக்கு மேல பாலிகார்பனேட் ஷீட் போட்டுட்டு, ரெண்டு அறைக்கு ஏசி வச்சிடலாம்னு பார்க்கிறோம். நீ என்னப்பா சொல்றே?" அவர் சொன்ன காரணம் எதையும் தள்ள முடியாது. குரங்குத் தொல்லை, கொசு, ஐப்பசி மழையில் பட்டாசாலை (கூடம்) வரைக்கும் அடிக்கும் சாரல், வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் திருட்டு பயம். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன், கணக்குப் போட்டேன்.

முதலில் முற்றத்தையே எடுத்துக்கொள்வோம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், தெருவில் அடிக்கும் காற்று வீட்டுக்குள் புகுந்து பின்னால் வெளியேறும். காற்றே அசையாத நாளிலும் முற்றம் சும்மா இருக்காது. ராத்திரியில் கூரை ஓடுகளும் தரையும் தங்கள் சூட்டை வானத்தைப் பார்த்து விட்டுவிடும். குளிர்ந்து கனத்த காற்று முற்றத்துக்குள் இறங்கி வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதியில், பரவும். பகலில் வெயில் பட்ட காற்று லேசாகி மேலே போகும், போகிறபோது அறைக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மே மாதம் மதியம் 2 மணிக்கு முற்றம் வீட்டைக் குளிர்விக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் நம்மைக் காப்பது தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும்தான். அதனால்தான் அப்பத்தா மதியம் வாசல் கதவைச் சாத்தி, வெயில் இறங்கியதும் திறந்து, ராத்திரி முழுக்க முற்றத்துப் பக்கக் கதவுகளைத் திறந்தே வைத்திருப்பார்.

ஆனால் பழைய வீட்டில் எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் வளவைச் சுற்றி இருக்கும் அறைகளுக்கு வெளிச்சுவரில் ஜன்னல் கிடையாது, முற்றத்துப் பக்கம் ஒரு கதவுதான். சாமான் வைக்கக் கட்டியவை அவை. மனிதர்கள் பட்டாசாலையில்தான் படுத்தார்கள். இன்று அதே அறையில் கட்டில் போட்டு, கதவைச் சாத்தி, கொசுவத்தி ஏற்றுகிறோம். ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. முற்றத்தை எவ்வளவு திறந்து வைத்தாலும் அந்தப் புகை அந்த அறைக்குள்தான் நிற்கும். கொசுவலை கட்டிக்கொள்வதே மேல்.

அடுத்து ஏசி அறை. நம்மில் நிறைய பேர் நினைப்பது, வெளியே மாட்டியிருக்கும் பெட்டி புதுக் காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிறது என்று. அப்படி இல்லை. இரண்டு பெட்டிக்கும் நடுவே போகும் குழாயில் ஓடுவது குளிரூட்டும் வாயு மட்டும். உள்பெட்டி அறைக் காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப அதையே விடுகிறது. குளிர்ச்சி வேறு, புதுக்காற்று வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் ஏசி பொருத்துகிறவர் இருக்கிற சந்து பொந்தையெல்லாம் அடைக்கிறார், நாமும் சரி என்கிறோம்.

காற்று எவ்வளவு பழசாகிவிட்டது என்று பார்க்க கரியமில வாயு நல்ல அடையாளம். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் சுமார் 40,000. அறைக்குள் 1000-ஐத் தாண்ட விடக்கூடாது என்று ஜெர்மனியின் சுகாதார விஞ்ஞானி மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே சொன்னார். அந்த எண்ணைத்தான் இன்றைக்கும் பலர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

இப்போது நம் அறைக்கு வருவோம். 10-க்கு 12 அடி, உயரம் 10 அடி என்றால் சுமார் 34,000 லிட்டர் காற்று. தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கரியமில வாயு விடுகிறார், இரண்டு பேர் என்றால் 24. காற்றே புகாமல் அடைத்த அறையாக இருந்தால் மணிக்கு 700 பங்கு ஏறும். ஒரு மணி நேரத்திலேயே 1000 தாண்டிவிடும். நிஜ அறையில் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று மாறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறைக் காற்று முழுதாக மாறுகிறது என்று வைத்தாலும் விடியும்போது 1800 பக்கம் நிற்கும். காலையில் தலை பாரமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்த அளவில் கரியமில வாயுவே கெடுதல் செய்கிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2012-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் 22 பேரை வைத்துச் செய்த சோதனையில், 1000-லும் 2500-லும் முடிவெடுக்கும் திறன் குறைந்தது. டென்மார்க்கில் சுத்தமான கரியமில வாயுவை 3000 வரை ஏற்றிப் பார்த்தபோது பாதிப்பு தெரியவில்லை. காற்றோட்டத்தைக் குறைத்து, மனித உடலிலிருந்து வரும் மற்ற வாயுக்களும் சேர்ந்து தேங்கியபோதுதான் தலைவலியும் சோர்வும் வந்தன. எனக்கு இதில் ஒன்று போதும்: குற்றவாளி எதுவானாலும் அது இருக்கும் இடம் தேங்கிய காற்றுதான்.

நோய் பரவுவதும் இதே வழியில்தான். 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஓர் உணவகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குக் கொரோனா வந்தது. அங்கே ஏசி ஓடியது, ஆனால் வெளிக்காற்று ஆளுக்கு நொடிக்கு சுமார் 1 லிட்டர்தான் கிடைத்தது என்று பிறகு அளந்து சொன்னார்கள். கல்யாணத்துக்கும் முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கும் நாலு ஊரிலிருந்து ஆட்கள் வந்து கூடும் நம் வளவுக்கு இது முக்கியமான விஷயம்.

அதற்காக ஏசியே வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. அப்பத்தாவுக்கு வயது 84. அக்னி நட்சத்திர ராத்திரியில் வயதானவர் உடம்புக்கு வெக்கை நிஜமான ஆபத்து. அவர் அறைக்கு ஏசி வேண்டும்.

திறந்த முற்றம், ஏசி அறை, மூடிய முற்றம் என்ற மூன்றில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது முற்றத்தின் மேல் ஷீட்டைப் படியப் போட்டு மூடுவதுதான். வெளிச்சத்தை உள்ளே விடும், மேலே போன சூட்டை வெளியே விடாது. ராத்திரிக் குளிர்ச்சி இறங்கவும் வழி போய்விடும். பிறகு வளவுக்கே ஏசி தேவைப்படும். அப்புறம் வளவே அந்த 10-க்கு 12 அறையின் பெரிய பதிப்பாகிவிடும். வெறும் கம்பி மட்டும் போட்டால் குரங்கும் திருடனும் நிற்பார்கள், மழையும் கொசுவும் நிற்காது. நெருக்கமான வலை போட்டால் கொசு நிற்கும், காற்றும் பாதி நிற்கும். அதையும் தூசி தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு நான் சொன்னது இதுதான். ஷீட் போடுங்கள், ஆனால் ஓட்டு விளிம்புக்கு மேல் இரண்டு அடி தூக்கி, நாலு பக்கமும் திறந்து கம்பிவலை அடியுங்கள். சாரல் தாங்க விளிம்பை ஒன்றரை அடி வெளியே நீட்டுங்கள். அப்பத்தா அறைக்கு ஏசியோடு, பின்சுவரை உடைத்து மேலே ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். அது மணிக்கு 100 கன மீட்டர் வெளியேற்றினாலே, இரண்டு பேர் தூங்கினாலும் கரியமில வாயு 700-க்குள் நிற்கும். கரண்ட் பில் கொஞ்சம் கூடும், கூடட்டும்.

"கதவுக்கு அடியில ரப்பர் பட்டை போட்டா கூலிங் வெளிய போகாது" என்று ஏசி பொருத்த வந்த தம்பி சொன்னாராம். சித்தப்பா மறுபடி போன் செய்து கேட்டார். போட வேண்டாம் என்றேன். ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக உள்ளே வர ஒரு வழி வேண்டும், அந்த ஒரு விரல் சந்துதான் அது.