பிரேக் அப்கிரேட் என்று பழைய டிஸ்க்கையே மாட்டி அனுப்புகிறார்கள், கவனம்

பழைய எஸ்யூவி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சேலத்தில் ஒரு பட்டறையில் என் 2008 ஸ்கார்ப்பியோவுக்கு பிரேக் வேலை செய்தார்கள். முன்சக்கரங்களுக்குத் துளை போட்ட புது டிஸ்க், புது பேட், பின்பக்க டிரம்முக்கு வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் பாகம்), பிரேக் ஆயில் முழுக்க மாற்றம் என்று பில் போட்டு 24,000 ரூபாய் வாங்கினார்கள்.

அடுத்த வாரம் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில்தான் இறங்கினேன். அப்படியும் பாதி வழியில் பெடல் மெத்தென்று ஆகி, அடிவரை போய்விட்டது. முதல் கியருக்கு மாற்றி, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். பின்சீட்டில் அம்மாவும் குழந்தைகளும் இருந்தார்கள். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நாமக்கல்லில் வேறொரு மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். "இந்த நிப்பிள்ல ஸ்பேனரே படலைங்க" என்றார். பழைய ஆயிலையும் உள்ளே சிக்கிய காற்றையும் வெளியே விட, சக்கரத்துப் பக்கம் இருக்கும் திருகுதான் நிப்பிள். மேலே டப்பாவில் இருந்த ஆயில் மட்டும் புதுசு. சக்கரத்துப் பக்கம் வந்தது கறுப்புத் தண்ணீர். வீல் சிலிண்டர் பழையதேதான், கசிந்து பிரேக் ஷூவை நனைத்திருந்தது. டிஸ்க்கின் உள் இடுக்கில் பல வருடத் துரு. என் டிஸ்க்கையே லேத்தில் கடைந்து, துளை போட்டு, பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறார்கள்! குறைந்தபட்சத் தடிமனைக் காட்டும் எண்ணையும் தேய்த்து எடுத்துவிட்டார்கள்.

இரும்பு குறைந்தால் டிஸ்க் சீக்கிரம் கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்; புது டாட் 3 தர பிரேக் ஆயில் 205 டிகிரி வரையாவது தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்து ஆவியானால் பெடலில் அழுத்தம் நிற்காது. எனக்கு நடந்தது அதுதான்.

துளை டிஸ்க்கெல்லாம் நம் ஓட்டத்துக்குத் தேவையே இல்லை. கம்பெனி டிஸ்க், நல்ல பேட், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றம் போதும். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்கிறார்களா, புது ஆயில் வரும்வரை விடுகிறார்களா என்று பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் புதியதன் அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வண்டியை எடுத்து வந்துவிடுங்கள்.

பட்டறைக்காரர் இப்போது போனையே எடுப்பதில்லை. பில், டிஸ்க், போட்டோ எல்லாம் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.