காரைக்குடித் தெருவா, கானாடுகாத்தான் வீடா: இருவருக்கு ஒரு நாள்

செட்டிநாட்டுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிகிறது. நல்லதாகச் சாப்பிட வேண்டும், பழைய சாமான்களைக் கிண்டிப் பார்க்க வேண்டும், அவசரம் கூடாது. இப்படி வரும் கணவன் மனைவிக்கு இரண்டு வழிகள். காரைக்குடி ஊருக்குள்ளேயே சுற்றலாம். இல்லையென்றால் கார் பிடித்து ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று ஒரு வட்டம் போய், மாளிகை ஓட்டல் ஒன்றில் இலைச் சாப்பாடு சாப்பிடலாம். விளம்பரங்களில் எப்போதும் இரண்டாவதுதான். என் ஓட்டு முதலாவதுக்கு.

காரணம், கடிகாரம். மாளிகைச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லிவிட்டால் காலை முழுக்க "ஒரு மணிக்குள் போயாகணும்" என்ற நினைப்புதான். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் ஊற்றுவதை ரசிக்கும்போதே டிரைவர் வாட்ச்சைப் பார்ப்பார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்தத் தொந்தரவு இல்லை. வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பர்மாத் தேக்குக் கதவு, கல்லாப்பெட்டி, பல்லாங்குழி, ரவிவர்மா அச்சுப்படம், வெத்தலைப் பெட்டி, அப்புறம் மலை மலையாக மங்குச் சாமான், அதாவது எனாமல் பூசிய இரும்புப் பாத்திரங்கள். ஒரு தூக்குச்சட்டியை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். ஸ்வீடன் என்றோ செக்கோஸ்லோவாக்கியா என்றோ அடியில் முத்திரை இருக்கலாம். விளிம்பில் மங்கு பெயர்ந்த இடத்தில் கறுத்த இரும்பு தெரியும். பித்தளை என்றால் கழுத்துப் பக்கம் வீட்டுக்காரர்களின் தலைப்பெழுத்து வெட்டியிருக்கும். மகளுக்குச் சீராகக் கொடுத்த சாமான், பாகம் பிரித்தபோது யாருக்கும் வேண்டாமல் தெருவுக்கு வந்திருக்கும்.

பழசு மாதிரி செய்த புதுசும் அதே அலமாரியில் உண்டு. "அண்ணே, இது பழசா, செஞ்சதா?" என்று நேராகவே கேளுங்கள், பலர் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். பேரத்தில் என் வீட்டுக்காரர் வாய் திறக்காமல் நிற்பார், நான்தான் பேசுவேன். அதுதான் எங்களுக்குச் சரிப்பட்டு வருகிறது. நூறு வயது தாண்டிய சிலை, ஓவியம் மாதிரியானவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருபவை, வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அஞ்சறைப் பெட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கானாடுகாத்தானுக்கு உரியதையும் சொல்ல வேண்டும். இந்தத் தெருவில் உதிரியாகக் கிடப்பதெல்லாம் அங்கே வீடாக நிற்கிறது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். 1912இல் கட்டிய செட்டிநாடு அரண்மனையும் அங்கேதான். உள்ளே விடுவார்கள் என்று நம்பி மட்டும் போகாதீர்கள். தறிகளில் கண்டாங்கிச் சேலை நெய்வதைப் பார்க்கலாம். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் உச்சி வெயிலில் ஊரே கதவடைத்துவிடும். காலாற நடக்கலாம் என்று வந்தவர்கள் நிழல் தேடி நிற்க வேண்டியதுதான்.

ஆத்தங்குடி வேறு கதை. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சை உருவுகிறார்கள். கோடு கலையாது. மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு, வெயிலில் காய வைத்தால் கண்ணாடி கழன்றுவிடும். அடியில் இருந்ததுதான் பளபளக்கும் மேல்பக்கம். சூளையே கிடையாது. பழம்பொருள் என்றாலே தும்மல் வருகிறவர் இருவரில் ஒருவராக இருந்தால், யோசிக்காமல் இந்தப் பக்கம் போங்கள். கல் மட்டும் கனம். ஒன்றிரண்டு வாங்கலாம், தளத்துக்கு வேண்டியதை லாரியில்தான் அனுப்பச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் மாளிகையின் பலம் பரிமாறும் அழகு, அப்புறம் மண்டி, கவுனி அரிசி மாதிரி மெஸ்களில் தினமும் கிடைக்காத வகைகள். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்துச் செய்யும் வெண்டைக்காய் மண்டிக்காகவே ஒருமுறை உட்காரலாம். அதற்கும் கானாடுகாத்தான் போக வேண்டும் என்றில்லை. காரைக்குடியிலேயே 'பங்களா' என்ற மாளிகை ஓட்டல் இருக்கிறது, முன்பதிவு மட்டும் அவசியம். மெஸ்ஸில் இலை போட்டதும் சாதம் வந்துவிடும், உப்புக்கறியும் நண்டு மசாலாவும் சுடச்சுட வரும், எழுந்து கை கழுவினால் ஆளாளுக்கு ஒரு பக்கம். விலையும் மாளிகையை விட நன்றாகவே குறைவு. மிளகாய் தாங்காதவர்கள் மட்டும் மாளிகைப் பக்கம் ஒதுங்கலாம், அங்கே வெளியூர் நாக்குக்குக் காரத்தை அடக்கித்தான் வைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

காலையில் வரமிளகாய்ச் சட்னியோடு வெள்ளைப் பணியாரம், மாலையில் மசாலா சீயம், கந்தரப்பம். இந்த இரண்டு வேளைக்கும் காரைக்குடிக்குப் போட்டியே இல்லை. ஊருக்குக் கட்டிக்கொண்டு போவதானால் கந்தரப்பத்தை விட்டுவிடுங்கள், அது அன்றைக்கே தின்னத்தான். தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை நாள் தாங்கும். சீப்புச்சீடை மட்டும் பையின் மேலே இருக்கட்டும், அடியில் போனால் தூளாகிவிடும்.