சேதனக் குறைகடத்தியா, கட்மியம் தெலுரைட்டா?

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கும் தம்பி, தங்கச்சிமார் இறுதியாண்டு ஆய்வுக்கு எதை எடுப்பது என்று கேட்கிறார்கள். இரண்டுமே மென்படலச் சூரியக்கலங்கள், அதாவது கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசிச் செய்பவைதான். சேதனம் என்றால் காபன் சேர்வை, தெலுரைட்டு என்றால் கட்மியமும் தெலூரியமும் சேர்ந்தது.

செய்முறை
சேதனம்: பி3எச்டி என்ற பல்பகுதியத்தைக் குளோரோபென்சீனில் கரைத்து, சுழலும் கண்ணாடியில் சில துளிகள் விட வேண்டும். செம்மஞ்சள் கரைசல் காய்ந்து ஊதா கலந்த சிவப்புப் படலமாகும். பார்க்கவே ஆசையாக இருக்கும்.
தெலுரைட்டு: வெற்றிடப் பம்பியும் 500 பாகை செல்சியஸை எட்டும் உலையும் இருந்தால் நல்லது. ஆனால் கலத்தில் தெலுரைட்டோடு சோடி சேரும் கட்மியம் சல்பைட்டுப் படலத்தை முகவையில், சுடுநீரில் வைத்தே வளர்க்கலாம். கரைசல் மெல்ல மஞ்சளாகும்போது கண்ணாடியும் மஞ்சள் பூசிக்கொள்ளும். கட்மியம் நஞ்சு, கழிவைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

ஆயுள்
சேதனம்: இங்கேதான் அடிவாங்குகிறது. ஒட்சிசனும் ஈரமும் அதற்கு ஆகாது. மார்கழி மழைக்காலத்து மட்டக்களப்புக் காற்றைக் கேட்கவே வேண்டாம்! நைதரசன் நிரப்பிய பெட்டி இல்லாமல் தொடங்காதீர்கள்.
தெலுரைட்டு: 25 ஆண்டு உத்தரவாதத்துடன் சந்தையில் இருக்கிறது.

திறன்
படும் ஒளியில் எவ்வளவு மின்னாகிறது என்பதுதான் திறன். தெலுரைட்டின் ஆய்வுகூடச் சாதனை 22 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சேதனம் 20ஐ ஒட்டி நிற்கிறது. 1986இல் அது சுமார் 1 சதவீதம்தான், வளர்ச்சி சும்மா இல்லை. ஆனால் பி3எச்டியில் 3, 4 வந்தாலே சந்தோஷப்படுங்கள்.

சரி, எதை எடுப்பது? இரசாயனத்தில் கை தேர்ந்தவர், நைதரசன் பெட்டியும் கிடைக்கும் என்றால் சேதனம். உலை இருந்தால் தெலுரைட்டு. ஆறே மாதம்தான் என்றால் முழுக்கலமே வேண்டாம், அந்த மஞ்சள் படலத்தை மட்டும் ஒழுங்காக வளர்த்து அளந்தாலே ஒரு நல்ல ஆய்வறிக்கை.