படலையா, வாசலா, சந்திக் கடையா: பார்சலை எங்கே வாங்குவது?

எங்கள் கிணறு வீட்டுக்குப் பின்பக்கம், பப்பா மரத்தடியில் இருக்கிறது. சுற்றிவர மறைப்பு ஒன்றும் இல்லை. வன்னியில் நிறைய வளவுகள் இப்படித்தான். முன்னுக்கு ஒழுங்கை, ஒழுங்கையில் படலை, அங்கிருந்து நூறடிக்கு மேல் நடந்தால் முற்றம், வீட்டைச் சுற்றிப் போனால் கிணற்றடி. போன வருடம் ஒரு நாள் அம்மா குறுக்குக்கட்டோடு குளித்துக்கொண்டிருந்த நேரம், நான் போட்ட ஓர்டரைக் கொண்டுவந்த கூரியர் பொடியன் படலையைத் திறந்து உள்ளே வந்திருக்கிறான். முற்றத்தில் ஆளைக் காணவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்ட பக்கம் நடந்துவிட்டான். அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு மாமா மண்வெட்டியோடு ஓடி வந்தார். பொடியன் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பியபடி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, போன் அடிச்சனான், ஒருத்தரும் எடுக்கேல்லை" என்றான். அது உண்மை. போன் அறைக்குள் சார்ஜில் கிடந்தது.

அன்றைக்கு அம்மா மத்தியானம் சாப்பிடவில்லை. அந்தப் பொடியனும் சாப்பிட்டிருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். என் தம்பியும் கிளிநொச்சியில் இதே வேலை செய்கிறவன். அதனால் எனக்கு ஒரு பக்கம் மட்டும் பேச முடியவில்லை. பார்சல் வாங்க எங்களுக்கு இருக்கிற வழிகள் நாலைந்துதான். ஒவ்வொன்றிலும் யாருக்கு வசதி, யாருக்கு நட்டம் என்று அன்றிரவு தம்பியோடு இருந்து கதைத்ததைத்தான் எழுதுகிறேன்.

உள்ளே வந்து வாசலில் தருவது

வசதி என்று பார்த்தால் இதற்கு மிஞ்சி ஒன்றும் இல்லை. நடக்க ஏலாத ஆச்சி தனியே இருக்கிற வீடு, தையல் மெஷின், மூட்டையாக வருகிற மாட்டுத் தீவனம், இவற்றுக்கெல்லாம் வாசல்தான் சரி. கொண்டுவருகிறவருக்கும் கொஞ்சம் நிழல் கிடைக்கும், கேட்டால் செம்பில் தண்ணீர் கிடைக்கும்.

ஆனால் இங்கே வளவுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2009இல் போரின் கடைசிக் கட்டத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, வவுனியாப் பக்கம் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்தோம். அங்கே தட்டுவதற்குக் கதவு கிடையாது. யார் வந்தாலும் மறைப்பை விலக்கிப் பார்க்கலாம். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்படும் வரைக்கும் அங்கே இருந்த குடும்பங்கள் உண்டு. நாங்கள் மீள்குடியேறி வந்தபோது காணியில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. தகரக் கொட்டில் போட முதலே அம்மா வேலியைத்தான் அடைத்தார். கதியால் நட்டு, காட்டுத்தடியில் படலை கட்டி, கம்பி வளையம் ஒன்றை வளைத்து மாட்டினார். அதன் பிறகும் பதிவு எடுக்க, விசாரிக்க என்று கேளாமலே வளவுக்குள் வந்தவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. கணவனை இழந்தோ, காணாமல் போன கணவனைத் தேடிக்கொண்டோ தனியே குடும்பம் நடத்துகிற பெண்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிறையப் பேர். அப்படி ஒரு வீட்டில், எதிர்பாராத நேரம் படலை வளையம் கழலுகிற சத்தம் நெஞ்சை என்ன செய்யும் என்று இருபது வயதுப் பொடியனுக்குத் தெரிய நியாயமில்லை. யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கண்ணிவெடிப் பயமும் இருக்கிறது. மீள்குடியேறிய காலத்தில் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்ட காணிகளைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனோம். முகமாலைப் பக்கம் வெடி அகற்றுகிற வேலை எத்தனையோ வருடம் இழுபட்டது. நடந்த தடத்தை விட்டு வெளியே கால் வைக்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஆட்கள் நாங்கள். துப்புரவாக்கின காணி என்று தெரிந்தாலும், ஒருவர் வேலிக்குள்ளால் குறுக்கே நடந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசையும்.

சின்னக் கரைச்சல்களும் உண்டு. கச்சான் பிடுங்குகிற காலத்தில் முற்றம் முழுக்கப் படங்கு விரித்துக் காயப்போட்டிருப்போம். மோட்டார் சைக்கிளை அப்படியே உள்ளே விட்டால் ஒரு மூலை நொறுங்கிப் போகும்.

கொண்டுவருகிறவருக்கு உள்ளே இருக்கிற பெரிய ஆபத்து நாய். தம்பியை ஒரு வளவுக்குள் நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளைதான் புத்தியாக அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டது. உடனே செய்ய வேண்டிய வேலை அதுதான். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரியில் விசர்நாய்த் தடுப்பூசி காசில்லாமல் போட்டார்கள். ஆனால் ஊசிக்குப் போன நாட்களின் சம்பளத்தை யாரும் தரவில்லை.

இப்படி வருகிறவர் மேல் பொலிசில் முறைப்பாடு கொடுக்கலாமா என்று மாமா கேட்டார். இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவை 1883ஆம் ஆண்டினது. அதில் அத்துமீறி நுழைவதைப் பற்றிச் சொல்கிறது 427ஆம் பிரிவு. குற்றம் செய்யவோ, வெருட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு கொடுக்கவோ எண்ணி ஒருவரின் இடத்துக்குள் நுழைந்தால் அது குற்றம். சரியான காரணத்தோடு வந்தவரும் அந்த மாதிரி எண்ணத்தோடு போகாமல் நின்றால் குற்றம். பார்சலைக் கொடுக்க வந்து, ஆளைத் தேடின பொடியன் இதில் மாட்ட மாட்டான், மாட்டவும் கூடாது. "வெளியே போ" என்று சொன்ன பிறகும் நின்று சண்டை பிடிக்கிறவரின் கதை வேறு. ஆகவே, எங்கள் பிரச்சினைக்கு மருந்து பொலிசில் இல்லை.

படலையில் நின்று கூப்பிடுவது

ஊருக்கு இது புது முறையே இல்லை. தபால்காரர் சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் படலையடியில்தான் நிற்பார். மீன்காரர் ஹோன் அடிப்பார். பாண்காரரின் பாட்டு ஒழுங்கை முனையிலேயே கேட்கும். சொந்தச் சித்தப்பாகூட "வீட்டில ஆரும் நிக்கிறீங்களோ?" என்று கேட்டு, உள்ளே இருந்து "ஓம், வாங்கோ" என்று குரல் வந்த பிறகுதான் வளையத்தைக் கழற்றுவார். அந்த "வாங்கோ"தான் எங்கள் ஊரில் அனுமதி. போனில் ஓர்டர் போட்டதும் விலாசம் கொடுத்ததும் அந்தச் சொல்லுக்கு ஈடாகாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஆனால் இந்த முறையில் பாரம் முழுக்கக் கொண்டுவருகிறவர் தலையில் விழுகிறது. தம்பி பங்குனி வெயிலில் ஒரு படலையடியில் 20 நிமிடம் நின்றிருக்கிறான். கூப்பிட்டான், கேட்கவில்லை. போனுக்குச் சிக்னல் இல்லை. ஹோனை அடித்தான். கடைசியில் ஒருவர் வந்து, "ஏன் தம்பி பிள்ளை நித்திரை கொள்ளேக்கை ஹோன் அடிக்கிறீர்?" என்று ஏசிவிட்டு, காசு மாற்ற உள்ளே போய் இன்னும் பத்து நிமிடம் எடுத்தாராம். அவனுக்குக் கொடுத்து முடித்த பார்சலின் கணக்குக்குத்தான் காசு. காத்து நின்ற நேரத்துக்கு இல்லை. திருப்பிக் கொண்டுபோனால் அலுவலகத்தில் பேச்சு வாங்க வேண்டும். இப்படி நாலு படலையில் நடந்தால் ஐந்தாவது படலையை அவன் தானாகவே திறப்பான். நான் அவன் இடத்தில் இருந்தாலும் திறப்பேன்.

ஆகவே, உள்ளே வராதே என்று சொல்லுகிற உரிமை வீட்டுக்காரருக்கு வேண்டுமென்றால், கூப்பிட்டால் கேட்கிற மாதிரிப் படலையை வைத்திருப்பதும் வீட்டுக்காரரின் வேலை. பெரிய செலவு ஒன்றும் இல்லை. நாங்கள் உழவு மெஷினில் இருந்து கழற்றின பழைய கலப்பைத் தகடு ஒன்றைப் படலைக் கம்பத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டோம். பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டு. ஒரு தட்டுத் தட்டினால் கிணற்றடி வரைக்கும் கணீர் என்று கேட்கும். பலகை ஒன்றில் "தட்டிவிட்டு நில்லுங்கள், வருகிறோம். நாய் உண்டு" என்று தாரால் எழுதினேன். போன் நம்பரை எழுதவில்லை. பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டின் நம்பரை ஒழுங்கையில் போகிற எல்லோருக்கும் காட்டத் தேவையில்லை. பார்சல் வருகிறது என்று தெரிந்த நாளில் நாயைக் கட்டிவைக்கிறோம், சரியான சில்லறையை எடுத்து வைக்கிறோம். வேம்பு நிழலில் ஒரு மரக்குற்றியும் போட்டிருக்கிறோம், வருகிறவர் இருக்கட்டும் என்று.

பொழுதுபட்டால் இதுவும் சரிவராது. இருட்டினாப் பிறகு தனியே இருக்கிற பெண் படலைக்குப் போக மாட்டாள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை வேறு வரும். கொண்டுவருகிறவருக்கும் அது நல்லதில்லை. அடுத்த நாள் காலை என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளுவதுதான் சரி.

சந்திக் கடை

தம்பிக்குப் பிடித்த வழி இது. ஒரு இடத்தில் ஐந்து பார்சலை இறக்கிவிட்டுப் போகலாம், கிரவல் ஒழுங்கைகளுக்குள் மாரிச் சேற்றில் விழுந்து எழும்பத் தேவையில்லை. வீட்டுக்காரருக்கும் அந்நியர் வளவுக்குள் வருகிற கதையே இல்லை.

எனக்கு இது பாதிதான் பிடிக்கும். பார்சலின் மேல் பெயர், நம்பர், விலாசம், கட்ட வேண்டிய காசு எல்லாம் ஒட்டியிருக்கும். கடை வாங்கில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறவர்கள் அதை வாசிப்பார்கள். "இவளுக்கு ஏழாயிரத்துக்குப் பார்சல் வந்திருக்காம், ஆர் காசு அனுப்பினது?" என்று கதை தொடங்கும். தனியே இருக்கிற ஒரு பெண்ணுக்கு அந்தக் கதை, படலையைத் திறந்து வருகிற ஆளைவிடக் கூடின நாள் நின்று நோகடிக்கும். அதோடு கடைக்கார அண்ணை தன் கைக்காசைக் கட்டி வாங்கி வைப்பார். பெட்டி உடைந்திருந்தால், பொருள் மாறியிருந்தால், ஏச்சு அவருக்கு. அவருக்கு ஒரு சதம் மிச்சமில்லாத வேலை அது. முதலே காசு கட்டின பார்சல், கடைக்காரர் நெருங்கின ஆள், அவரிடம் கேட்டு ஓம் என்றும் சொன்னவர் என்றால் செய்யலாம். கேளாமல் கடையைச் சொல்லிவிடக் கூடாது.

பட்டணம், தபால் கந்தோர், பெட்டி

கூரியர் கிளைக்குப் போய் எடுப்பது யாரையும் தொந்தரவு செய்யாத வழி. பட்டணத்துக்குள் இருக்கிறவர்களுக்கு நல்லது. உள்ளூர்க் கிராமங்களில் இருக்கிறவர்களுக்கு ஒரு பஸ்ஸைப் பிடித்துப் போய் அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் அரை நாள் கூலி போய்விடும். தபால் கந்தோர் பக்கத்தில் இருந்தால் அது நல்ல தெரிவு. அங்கே இருக்கிறவர்கள் எங்களுக்குத் தெரிந்த முகங்கள். படலையில் பெட்டி வைக்கிற யோசனையையும் தம்பி சொன்னான். காசு கொடுத்து எடுக்கிற பார்சலுக்கு அது உதவாது, மாரியில் நனையும், குரங்கும் விடாது.

எங்கள் வீட்டுக்கு நான் தெரிவு செய்தது படலைதான். கடை, முன்கூட்டிக் காசு கட்டின சின்னச் சாமான்களுக்கு மட்டும். பாரமான சாமான் என்றால் வாசல், ஆனால் கூப்பிட்ட பிறகு. ஆச்சி தனியே இருக்கிற வீடு என்றால், பக்கத்து வீட்டு ஆள் ஒருவரின் நம்பரை ஓர்டரில் கொடுத்துவிடுவது நல்லது. அவர் வந்து கூட்டிக்கொண்டு போவார்.

அந்தப் பொடியன் பிறகும் எங்கள் பக்கம் வருகிறான். முதல் தரம் பலகையை வாசித்து, தகட்டை மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே நின்றான். அம்மாதான் போய் வாங்கினார், ஒன்றும் கதைக்கவில்லை. போன கிழமை கோழித்தீவன மூட்டை வந்தது. அம்மா முற்றத்தில் நின்றபடியே பார்த்தார். "தம்பி, நாய் கட்டிக் கிடக்கு. வளையத்தைக் கழட்டிக்கொண்டு உள்ளுக்குக் கொண்டந்து வையுங்கோ" என்றார். அவன் செருப்பைப் படலையடியிலேயே கழற்றிவிட்டு வந்தான்.