ஜிஸ்ட் கான்சருக்கு ட்ரயலா, வெளிய வாங்கற மாத்திரையா? அம்மாவுக்கு நாங்க எடுத்த முடிவு

அம்மாவுக்கு சிறுகுடல்ல ஜிஸ்ட்னு ஒரு கான்சர். ரொம்ப அபூர்வம், வேலூர்ல வார்டுல பக்கத்து பெட்காரங்க யாருக்கும் அந்த பேரே தெரியல. ஆபரேஷன் முடிஞ்சு இமாடினிப்னு ஒரு கான்சர் மாத்திரை, 400 மில்லிகிராம் தினம் ஒண்ணுனு நாலு வருஷம் நல்லா தான் ஓடுச்சு, அப்புறம் ஒரு ஸ்கேன்ல கல்லீரல்ல புதுசா ரெண்டு கட்டி. அப்ப டாக்டர் ரெண்டு வழி சொன்னாரு. ஒண்ணு, இமாடினிப் கேக்காம போனா குடுக்கற சுனிடினிப் மாத்திரைய நாமளே வாங்கி இங்கயே காட்டிக்கறது. இன்னொண்ணு, சென்னைல நடக்கற ஒரு மூணாம் கட்ட ட்ரயல், அதாவது புது மருந்த பழைய மருந்தோட ஒப்பிட்டு பாக்கற ஆராய்ச்சி, அதுல பாதி பேருக்கு புது மாத்திரை, பாதி பேருக்கு அதே சுனிடினிப், யாருக்கு எதுனு கம்ப்யூட்டர் பிரிக்கும்.

நாங்க ட்ரயல்ல சேந்தோம். இன்னைக்கு யாராவது கேட்டாலும் அதையே தான் சொல்வேன், இத்தனைக்கும் அம்மாவுக்கு விழுந்தது புது மாத்திரை இல்ல, சுனிடினிப் தான்.

காசு விஷயத்த சீக்கிரம் முடிச்சுடறேன். ட்ரயல்ல மாத்திரை, ஸ்கேன், ரத்த டெஸ்ட் எல்லாம் ஃப்ரீ, எங்களுக்கு போக வர செலவும் குடுத்தாங்க. வெளிய பாத்தா சுனிடினிப்லயும் ஜெனரிக் இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, உங்க மாத்திரை அதுல வருமானு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்லயே கேட்டுடுங்க. ட்ரயல்னு சொல்லி மாத்திரைக்கு யாராவது பணம் கேட்டா எழுந்து வந்துடுங்க. நம்ம நாட்டுல 2009 ஜூன்ல இருந்து எந்த மருந்து ட்ரயலா இருந்தாலும் சி.டி.ஆர்.ஐ.ங்கற அரசு ட்ரயல் பதிவேட்டுல பதிவு பண்ணணும், அந்த நம்பர கேட்டு நெட்ல போட்டு பாக்கலாம்.

நான் ட்ரயல் பக்கம் சாயறதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணு தான், மாத்திரை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் இருக்கற கவனிப்பு. சுனிடினிப்ப நாலு வாரம் சாப்பிட்டு ரெண்டு வாரம் விடணும், அத சாப்பிடறப்ப பிபி ஏறலாம், தைராய்டு குறையலாம், உள்ளங்கை உள்ளங்கால் தோல் உரியலாம். எங்க தெருவுல ஒருத்தர் கிட்னி கான்சருக்கு இதே மாத்திரைய வெளிய வாங்கி சாப்பிட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சு தான் அடுத்த அப்பாயின்ட்மென்ட், நடுவுல பிபி பாக்கணும்னு யாரும் சொல்லல, இவரும் கேக்கல, ஒரு நாள் தலைவலினு போனா பிபி 190. மாத்திரைய மொத்தமா நிறுத்திட்டாங்க. மாத்திரை மேல தப்பில்ல, நடுவுல பாக்க ஆள் இல்ல, அவ்வளவு தான்.

அம்மாவுக்கு நடந்தத சொல்றேன். அம்மா குடியாத்தத்துல வீட்டுலயே பூ கட்டி குடுப்பாங்க, மல்லி, கனகாம்பரம், முழத்துக்கு இவ்வளவுனு. மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரம் கட்டைவிரல் ஓரத்துல தோல் வெடிச்சு நார் பட்டாலே எரியுது, ஆனா எங்க யார்கிட்டயும் சொல்லல, சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்கனு பயம். ட்ரயல்ல இருந்து கோஆர்டினேட்டர் பொண்ணு வாரா வாரம் போன் பண்ணும். "உள்ளங்கைல எரிச்சல் இருக்காமா?"னு கேட்டுச்சு, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா"னு அம்மா சொல்லிட்டாங்க. அந்த பொண்ணு விடாம "கைய ஒரு போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்கமா"னு கேட்டு, போட்டோவ பாத்துட்டு அன்னைக்கு சாயந்திரமே டாக்டர பேச வச்சுச்சு. ஒரு வாரம் மாத்திரை கட், யூரியா க்ரீம், அப்புறம் டோஸ 50 மில்லிகிராம்ல இருந்து 37.5க்கு குறைச்சாங்க. அதனால தான் பதினோரு மாசம் அந்த மாத்திரைல தாக்கு புடிக்க முடிஞ்சுது. தினம் டைரில டிக் போடணும், அம்மாவுக்கு எழுத படிக்க தெரியாது, என் பொண்ணு தான் போடுவா, காலி டப்பாவ திருப்பி எடுத்துட்டு போனா மிச்சத்த எண்ணி பாப்பாங்க.

கஷ்டம் இல்லாம இல்ல. இமாடினிப்ப நிறுத்திட்டு ட்ரயல் மாத்திரை ஆரம்பிக்க கொஞ்ச நாள் காத்திருக்கணும்னாங்க, எந்த மாத்திரையும் இல்லாத அந்த நாள் தான் எங்களுக்கு தூக்கமே இல்ல. முதல் ரெண்டு மாசம் விடியக்காலைல காட்பாடி போயி ட்ரெய்ன் புடிச்சு சென்ட்ரல், போறப்பல்லாம் எனக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. கான்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்ல அடிப்படை கட்டணம் முழுசா தள்ளுபடி, கூட போறவங்களுக்கு முக்கால்வாசி, டாக்டர் கையெழுத்து போட்ட ஃபாரம் மட்டும் வேணும், இது நெறைய பேருக்கு தெரியல.

மாமா தான் ரொம்ப கத்தினாரு, "டேய், எங்க அக்காவ சோதனை எலி ஆக்க போறியா?"னு. அவர் பயம் எனக்கும் இருந்துச்சு. ஆனா கையெழுத்து போடற அன்னைக்கு ஃபாரம் தமிழ்ல இருந்துச்சு, அம்மாவுக்கு படிக்க தெரியாததால சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட உக்காந்து முழுசா கேட்டு கையெழுத்து போட்ட அப்புறம் தான் அம்மா கைநாட்டு வச்சாங்க, எப்ப வேணா விலகலாம்னு ரெண்டு தரம் சொன்னாங்க. நாலு வருஷம் அம்மாவ காப்பாத்தின இமாடினிப்பே ட்ரயல்ல வந்தது தான, 2000ல ஃபின்லாந்துல ஜிஸ்ட் இருந்த ஒரே ஒரு பெண்ணுக்கு குடுத்து பாத்து ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி இந்த கான்சருக்கு கீமோ கிட்டத்தட்ட கேக்கவே கேக்காது.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா கேளுங்க, புது மாத்திரை விழாத எதிர் பக்கத்துக்கு என்ன மாத்திரைனு. எங்களுக்கு அது நிஜ மாத்திரை. முன்னாடி மூணு மாத்திரையும் கேக்காதவங்களுக்கு நாலாவதா வந்த ரிப்ரெடினிப் ட்ரயல்ல 129 பேர்ல மூணுல ஒரு பங்குக்கு மருந்தே இல்லாத வெத்து மாத்திரை, நோய் ஏறினா மருந்துக்கு மாத்திவிட்டாங்க. மருந்து எடுத்தவங்களுக்கு நோய் ஏறாம இருந்தது நடுத்தரமா 6.3 மாசம், வெத்து மாத்திரைக்கு 1 மாசம். அந்த மாதிரினா நான் ரொம்ப யோசிச்சிருப்பேன். முதல் கட்ட ட்ரயலும் வேற, அங்க டோஸ் எவ்வளவு தாங்கும்னு பாக்கறது தான் முக்கியம், அதுல எங்களுக்கு அனுபவம் இல்ல, நான் சொல்றத அதுக்கு அப்படியே எடுத்துக்காதீங்க.

பதினோராவது மாசம் ஸ்கேன்ல கட்டி கொஞ்சம் பெருசாச்சு, ட்ரயல்ல இருந்து எடுத்துட்டாங்க, இப்ப வேலூர்லயே ரெகோரஃபெனிப்னு அடுத்த மாத்திரை ஓடுது. இதுலயும் கை உரியும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும், க்ரீம் முதல் நாளே வாங்கிட்டோம். ட்ரயல்காரங்க மூணு மாசத்துக்கு ஒரு தரம் எப்படி இருக்காங்கனு கேட்டு இன்னும் போன் பண்றாங்க. போன தரம் அம்மா கைய பத்தி அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க.