எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் காந்தப்புலம்: லென்ஸா, காயில் ஹோல்டரா?

சாம்பிளின் காந்த அமைப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்க அதற்குப் புலம் கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் கையில் இருப்பது ஆப்ஜெக்டிவ் லென்ஸ்தான் (சாம்பிளை ஒட்டியிருக்கும் முக்கிய லென்ஸ்), அதுவே ஒரு பலமான மின்காந்தம், வழக்கமான இயக்கத்தில் சாம்பிள் இருக்கும் இடத்தில் 2 டெஸ்லா அளவுக்குப் போகும். அவ்வளவு புலம் பார்க்க வேண்டிய காந்த அமைப்பையே அழித்துவிடும். அதனால் அதை அணைத்துவிட்டு, லாரன்ஸ் முறையில் (சாம்பிளின் காந்தம் எலக்ட்ரான்களை வளைப்பதை வைத்து) படம் பிடித்தபடியே லென்ஸின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். ஸ்கிர்மியான் (காந்தத் திசைகள் சுழலும் மிகச் சிறிய சுழல்) பார்க்க இது அருமை. 2010-ல் இரும்பு, கோபால்ட், சிலிக்கான் சேர்ந்த மெல்லிய படலத்தில் அவற்றை நேரடியாகப் பார்த்தபோது 50 மில்லிடெஸ்லா அளவே போதுமாக இருந்தது, அதுவும் படலத்துக்குச் செங்குத்தாக.

சிக்கல் திசையில்தான், லென்ஸின் புலம் எலக்ட்ரான் கற்றையின் திசையிலேயே வரும். புலம் படலத்தின் தளத்தோடு வேண்டும் என்றால் சாம்பிளைச் சாய்க்கணும். 30 டிகிரி சாய்த்தால் பாதிப் புலம் தளத்தில் விழும், ஆனால் 87 சதவீதம் இன்னும் செங்குத்தாகவே நிற்கும் (இவை திசைக்கூறுகள், கூட்டினால் நூறு வராது). பெர்மல்லாய் (நிக்கல், இரும்புக் கலவை) மாதிரி, சிறு புலத்திலேயே திசை மாறும் மென்காந்தத்தில், டொமைன் சுவர் (வேறு வேறு திசையில் காந்தமான பகுதிகளுக்கு இடையிலான எல்லை) எப்போது நகர்கிறது என்று அளக்கும்போது இது எனக்கு உறுத்தும்.

காயில் பதித்த ஹோல்டர் (சாம்பிளைத் தாங்கும் தண்டு) தளத்திலேயே நேராகப் புலம் தரும், திசையையும் சட்டென்று புரட்டலாம். ஆனால் கற்றையும் கூடவே வளையும், படம் திரையை விட்டே ஓடிவிடும், அதை இழுத்துப் பிடிக்க ஈடுசெய்யும் காயில்கள் வேண்டும். பலமும் குறைவு, காயில் சூடாகும். மென்காந்தப் படலம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்; திசை மாற்றப் பெரிய புலம் கேட்கும் வன்காந்தத்துக்கு லென்ஸ்.